மேல் அழுத்தம் ஏற, கீழ் அழுத்தம் இறங்க: முதுமையில் அழற்சியும் தமனி விறைப்பும்

வாசகர் கேள்வி

எனக்கு வயது 69. அஞ்சல் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்று, கும்பகோணம் பக்கம் வசிக்கிறேன். இரத்த அழுத்தத்துக்காகப் பல ஆண்டுகளாக டெல்மிசார்ட்டான் 40 மி.கி. மாத்திரை எடுத்துவருகிறேன். பிள்ளைகள் வற்புறுத்தியதால் சென்ற மாதம் முழு உடல் பரிசோதனை செய்துகொண்டேன். இ.சி.ஜி., எக்கோ இரண்டும் சரியாக உள்ளன. கெட்ட கொழுப்பு 118, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 6.1. ஆனால் இரத்த அழுத்தம் 162/68 இருந்தது. கைகளிலும் கணுக்கால்களிலும் பட்டை கட்டி எடுத்த சோதனையில் நாடி அலை வேகம் விநாடிக்கு 18.4 மீட்டர், ‘தமனி விறைப்பு அதிகம்’ என்றும், நுண்ணளவு சி.ஆர்.பி. 4.2, ‘அழற்சி அதிகம்’ என்றும் எழுதியிருக்கிறார்கள். சோதனைக்குப் பத்து நாள் முன்பு காய்ச்சல் வந்து போனது. முழங்கால் வலிக்கு வாரத்தில் மூன்று நான்கு நாள் மருந்துக் கடையில் அசெக்ளோஃபெனாக் வாங்கிப் போடுவேன். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் உண்டு; பல் துலக்கும்போது ஈறில் இரத்தம் கசிகிறது. என் மருத்துவர் இன்னொரு பி.பி. மாத்திரை சேர்க்க வேண்டும் என்கிறார். கீழ் அழுத்தம் ஏற்கெனவே குறைவாக இருக்கும்போது அது எதற்கு என்று தயங்குகிறேன். அழற்சியைக் குறைத்தால் தமனி இளகுமா? ஆஸ்பிரினோ மஞ்சள் மாத்திரையோ எடுக்கலாமா? 64 வயதாகும் என் மனைவிக்கும் இச்சோதனைகள் தேவையா?

மருத்துவர் பதில்

அன்புள்ள ஐயா, வணக்கம்.

உங்கள் கேள்விகளுக்குப் போகும் முன், நீங்கள் கேட்காமலே எழுதியிருக்கும் ஒன்றைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது தள்ளிப்போடக் கூடியதன்று. டெல்மிசார்ட்டான் எடுப்பவர் அசெக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரையை வாரத்தில் பாதி நாள் போடுவது சிறுநீரகத்துக்கு ஆபத்தானது. சிறுநீரக வடிகட்டிக்குள் இரத்தம் நுழையும் நுண்குழாயை விரித்து வைத்திருக்கும் பொருள்கள் உருவாவதை வலி மாத்திரை தடுக்கிறது; வடிகட்டியிலிருந்து இரத்தம் வெளியேறும் நுண்குழாயைச் சுருக்கி வைக்கும் ஹார்மோனின் வேலையை டெல்மிசார்ட்டான் தடுக்கிறது; இரண்டும் சேரும்போது வடிகட்டுவதற்கு வேண்டிய அழுத்தமே விழுந்துபோகலாம். உங்கள் மருத்துவர் சேர்க்க நினைப்பது நீர் பிரியச் செய்யும் வகை மாத்திரையாக இருந்தால், வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ வந்து உடலில் நீர்ச்சத்து குறையும் ஒரு நாளில், இம்மூன்றும் சேர்ந்து சிறுநீரகத்தைத் திடீரெனச் செயலிழக்க வைக்கக்கூடும். மேலும், இவ்வகை வலி மாத்திரைகள் உப்பையும் நீரையும் உடலில் தேக்கி இரத்த அழுத்தத்தை உயர்த்துகின்றன. அழுத்த மாத்திரையின் பலனையும் குறைக்கின்றன. உங்கள் 162-இல் ஒரு பங்கு இந்த மாத்திரையால் வந்ததாகவே இருக்கலாம். ஆகவே அதை இன்றே நிறுத்துங்கள். கடையில் வாங்கிப் போட்டுவந்ததை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லி, இரத்தத்தில் கிரியாட்டினின், சோடியம், பொட்டாசியம் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். முழங்காலுக்குத் தோலின்மேல் தடவும் மருந்து, தேவைப்படும் நாளில் மருத்துவர் சொல்லும் அளவில் பாராசிட்டமால், தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சி ஆகியவை போதுமா என்று முதலில் பார்க்கலாம்.

இனி உங்கள் அறிக்கைக்கு வருகிறேன். தமனி விறைப்பு என்றதும் பலரும் அடைப்பு என்று புரிந்துகொண்டு அஞ்சுகிறார்கள். இரண்டும் வேறு. அடைப்பு என்பது தமனியின் உட்சுவரில் கொழுப்பு திட்டுத்திட்டாகப் படிந்து இரத்தம் செல்லும் வழி குறுகுவது. விறைப்போ, இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் நடுச்சுவரில் நெடுகிலும் ஏற்படும் மாற்றம். அதில் வழி குறுகுவதில்லை. பெருந்தமனி வயதோடு சற்று அகலவே செய்கிறது. ஆனால் அதன் சுவர் விரிந்து கொடுக்கும் தன்மையை இழக்கிறது. இரண்டும் ஒருவருக்கே இருக்கலாம், ஒன்றில்லாமல் மற்றொன்று மட்டும் இருக்கலாம். ஆகையால் எக்கோவும் இ.சி.ஜி.யும் சரியாக இருந்தும் விறைப்பு அதிகம் என்று வந்ததில் முரண்பாடு ஏதுமில்லை.

கச்சேரியில் சுருதிப் பெட்டி போடுபவரைப் பார்த்திருப்பீர்கள். அவர் கை விட்டுவிட்டுத்தான் துருத்தியை அசைக்கிறது; நாதமோ அறுபடாமல் வருகிறது. ஒவ்வோர் அசைவிலும் உள்ளே வரும் காற்றைத் துருத்தி வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்த அசைவு வரும்வரை சீராக விட்டுக்கொண்டிருப்பதே அதற்குக் காரணம். பெருந்தமனி செய்யும் வேலையும் இதுவே. இதயம் சுருங்கித் தள்ளும் இரத்தத்தில் ஒரு பகுதியைத் தன் சுவரை விரித்து அது தாங்கிக்கொள்கிறது. இதயம் ஓய்ந்திருக்கும் நேரத்தில் சுவர் சுருங்கி அந்த இரத்தத்தை முன்னோக்கி அனுப்புகிறது. ஜெர்மானிய உடலியங்கியல் அறிஞர் ஓட்டோ ஃபிராங்க் 1899-இல் இதற்குக் கணித வடிவம் கொடுத்தார். சுவர் விறைத்துவிட்டால், இதயம் தள்ளும் இரத்தம் முழு வேகத்தோடு முன்னே பாய்வதால் மேல் அழுத்தம் ஏறுகிறது. ஓய்வு நேரத்துக்கென்று சேமித்து வைத்தது குறைவாக இருப்பதால் கீழ் அழுத்தம் இறங்குகிறது. அமெரிக்காவின் ஃபிரேமிங்காம் நகரில் 1948 முதல் நடந்துவரும் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது: மேல் அழுத்தம் முதுமைவரை ஏறிக்கொண்டே போகிறது, கீழ் அழுத்தம் ஐம்பது, அறுபது வயதுக்குப் பிறகு இறங்கத் தொடங்குகிறது. உங்கள் 162-க்கும் 68-க்கும் உள்ள இடைவெளி 94. முதியவர்களிடம் இந்த இடைவெளி 60-ஐ எட்டினாலே பெருந்தமனி விறைத்திருக்கிறது என்று கொள்கிறோம். ஆக, விலை கொடுத்துச் செய்த சோதனை சொன்ன செய்தியை உங்கள் சாதாரண அழுத்தக் கருவியும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. கீழ் அழுத்தம் 68 என்பதை ‘பிரஷர் குறைவு’ என்று எண்ணுகிறீர்கள். அது விறைப்பின் மறுபாதி.

சுவர் ஏன் விறைக்கிறது? பெருந்தமனியின் நடுச்சுவரை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால், எலாஸ்டின் என்னும் மீள்தன்மையுள்ள புரதத்தால் ஆன ஐம்பதுக்கும் மேற்பட்ட ஏடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பதும், ஈரேடுகளுக்கு இடையில் தசைச் செல்களும் கொலாஜன் நார்களும் இருப்பதும் தெரியும். இளையவரின் பெருந்தமனியில் அந்த ஏடுகள் அலையலையாக, அறுபடாமல் ஓடும். முதியவரிடம் அவை அலையிழந்து நேராகி, மெலிந்து, பல இடங்களில் துண்டாகிக் கிடக்கும். இடைவெளிகளில் எளிதில் நீளாத கொலாஜன் பெருகியிருக்கும். ஆங்காங்கே கால்சியத் துகள்களும் படிந்திருக்கும். எலாஸ்டினைப் பெரும்பாலும் கருவிலும் குழந்தைப் பருவத்திலுமே உடல் உருவாக்கி முடித்துவிடுகிறது. அதன்பின் இழந்ததை ஈடுசெய்யும் அளவுக்குப் புதிதாக உருவாக்குவதில்லை. உங்கள் வயதுக்குள் அந்தச் சுவர் 250 கோடி தடவைக்கு மேல் விரிந்து சுருங்கியிருக்கும்.

ஆனால் தேய்மானம் மட்டுமே காரணமென்றால் ஒரே வயதுடைய எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு விறைப்பு இருக்க வேண்டும். அப்படி இருப்பதில்லை. வேறுபாட்டை உண்டாக்கும் காரணங்களில் உயர் இரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, புகையிலை ஆகியவற்றோடு அழற்சிக்கும் முக்கியமான இடம் உண்டு. இங்கே அழற்சி என்று நான் சொல்வது, முள் குத்திய இடம் சிவந்து வீங்கி நான்கு நாளில் ஆறிப்போகிறதே, அந்த வகையை அன்று. வெளியே தெரியாமல், வலி காட்டாமல், குறைந்த அளவில் ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் அழற்சியை. வயது கூடக்கூட நோய் எதிர்ப்பு அமைப்பு முழு ஓய்வுக்குத் திரும்பாமல் எப்போதும் அரைத் தூண்டலிலேயே இருப்பதை இத்தாலிய அறிஞர் கிளாடியோ ஃபிரான்செஸ்கி 2000-ஆம் ஆண்டில் முதுமையின் ஓர் அடிப்படைக் கூறாக முன்வைத்தார்.

அந்த நிலையில் இரத்தத்தில் இன்டர்லூக்கின்-6, டி.என்.எஃப். போன்ற தூதுப் பொருள்கள் கூடுதலாக உலவுகின்றன. முதலில் பாதிக்கப்படுவது தமனியின் உட்படலம். சுவர்த் தசையைத் தளர்த்தி வைப்பதற்காக அந்தப் படலம் நொடிதோறும் சுரக்கும் நைட்ரிக் ஆக்சைடு குறைகிறது. தசை சற்று இறுகிய நிலையிலேயே நிற்கிறது. சில மணி நேரத்திலேயே நிகழக்கூடிய இந்த விறைப்பு, காரணம் நீங்கினால் மீளக்கூடியதும் ஆகும். அடுத்தது மெதுவானது, மீளாதது. சுவருக்குள் வந்து சேரும் வெள்ளை அணுக்களும், அவற்றால் தூண்டப்பட்ட தசைச் செல்களும், புரதத்தை அறுக்கும் நொதிகளை வெளியிடுகின்றன. எலாஸ்டின் ஏடுகள் அவற்றால் துண்டாகின்றன. துண்டான எலாஸ்டின் வெறும் கழிவாகக் கிடப்பதில்லை; அந்தத் துணுக்குகளே மேலும் வெள்ளை அணுக்களை அந்த இடத்துக்கு ஈர்க்கின்றன. தசைச் செல்களில் சில எலும்பு கட்டும் செல்களின் குணத்தைப் பெற்றுச் சுவரில் கால்சியத்தைப் படிய வைக்கின்றன. இரத்தச் சர்க்கரை உயர்ந்திருந்தால், அது கொலாஜன் நார்களை ஒன்றோடொன்று பிணைத்து இறுக்கத்தைக் கூட்டுகிறது. உங்கள் 6.1 இன்னும் நீரிழிவு ஆகவில்லை. அதன் வாசலில் நிற்கிறது.

இந்தத் தொடர்பு ஒருவழிப் பாதையன்று என்பதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பெருந்தமனி விறைத்ததும், அது தாங்கிக்கொள்ள வேண்டிய துடிப்பின் மோதல் நுண்குழாய்கள்வரை போகிறது. மூளையும் சிறுநீரகமும் மிகுந்த இரத்த ஓட்டத்தைக் குறைந்த எதிர்ப்போடு ஏற்கும் உறுப்புகள் என்பதால் அந்த மோதலை முதலில் வாங்குபவையும் அவையே. மோதப்படும் இரத்தக்குழாய்களின் உட்படலம் தூண்டப்பட்டு வெள்ளை அணுக்களைத் தன்மேல் ஒட்டவைக்கிறது. அதாவது விறைப்பே அழற்சியைப் பிறப்பிக்கிறது. அழற்சி விறைப்பைக் கூட்ட, விறைப்பு அழற்சியைக் கூட்டுகிறது. ஆகவே அழற்சியை மட்டும் குறைத்து அழுத்தத்தை அப்படியே விட்டாலும் பயனில்லை, அழுத்தத்தை மட்டும் குறைத்து ஈறையும் இடுப்புச் சுற்றளவையும் புகையிலையையும் அப்படியே விட்டாலும் பயன் அரைகுறைதான்.

இதற்குச் சான்று என்ன என்று நீங்கள் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகரில் 55 வயதுக்கு மேற்பட்டவர்களை 1990 முதல் தொடர்ந்து கவனித்துவரும் ஆய்வில், இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அதிகமாக இருந்த முதியவர்களுக்குத் தமனி விறைப்பும் அதிகமாக இருந்தது என்று 2004-இல் வெளியிட்டார்கள். ஆனால் இரண்டும் சேர்ந்திருப்பது ஒன்று மற்றொன்றை உண்டாக்குகிறது என்பதற்குச் சான்றாகாது. உடற்பருமன் போன்ற மூன்றாவது காரணம் இரண்டையும் ஒருசேர உயர்த்தியிருக்கலாம். இதைவிட வலுவான சான்று ஏதென்ஸ் ஆய்வாளர்கள் 2005-இல் வெளியிட்டது. நலமாக இருந்தவர்களுக்கு டைஃபாய்டு தடுப்பூசி போட்டு, அதனால் ஏற்படும் தற்காலிக அழற்சியின்போது தமனியை அளந்தார்கள்; சில மணி நேரத்தில் நாடி அலை வேகம் சற்று உயர்ந்தது. (இதைப் படித்துவிட்டுத் தடுப்பூசிக்கு அஞ்ச வேண்டாம். அந்த மாற்றம் சிறியது. உண்மையான நோய்த்தொற்று உண்டாக்கும் அழற்சி அதைவிடப் பன்மடங்கு பெரிது. உங்கள் வயதினர் இன்ஃப்ளூயன்சா தடுப்பூசி போட்டுக்கொள்வதையே நான் விரும்புகிறேன்.) மூன்றாவது சான்று முடக்குவாத நோயாளிகளிடமிருந்து வந்தது. மூட்டுகளில் கடும் அழற்சியுள்ள அவர்களுக்குப் பெருந்தமனி வயதுக்கு மீறி விறைத்திருக்கிறது, டி.என்.எஃப். என்னும் அந்தத் தூதுப் பொருளைத் தடுக்கும் மருந்து கொடுத்தபோது விறைப்பு குறைந்தது என்று 2006-இல் பிரிட்டனிலிருந்து அறிக்கை வந்தது. தூண்டினால் கூடுகிறது, தணித்தால் குறைகிறது. இத்தொடர்பு உண்மையானது என்று நான் நம்புவதற்கு இவையே காரணம்.

அப்படியானால் சி.ஆர்.பி.யைக் குறைத்தால் போதுமே என்று தோன்றும். அங்கேதான் ஒரு தெளிவு வேண்டும். சி.ஆர்.பி. என்பது 1930-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிலையத்தில் நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தில் கண்டறியப்பட்ட புரதம். உடலில் எங்கே அழற்சி இருந்தாலும் இன்டர்லூக்கின்-6 கல்லீரலுக்குத் தகவல் சொல்ல, கல்லீரல் இதைச் சுரக்கிறது. அது அழற்சி இருப்பதைத் தெரிவிக்கிறதே தவிர, எங்கே இருக்கிறது என்று சொல்வதில்லை. இதய நோயை உண்டாக்குவதும் அதுவன்று. பிறவியிலேயே மரபணு வேறுபாட்டால் சி.ஆர்.பி. கூடுதலாக உள்ளவர்களுக்கு மாரடைப்பு கூடுதலாக வருவதில்லை என்பதைப் பெரிய மரபணு ஆய்வுகள் காட்டிவிட்டன. இன்டர்லூக்கின்-6-இன் பாதையில் பிறவியிலேயே தளர்வு உள்ளவர்களுக்கோ மாரடைப்பு குறைவாக வருகிறது. ஆகவே நாம் துரத்த வேண்டியது எண்ணையன்று, அந்த எண்ணை உயர்த்தும் காரணத்தை.

உங்கள் 4.2-ஐ இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழ் குறைந்த அபாயம், 1 முதல் 3 வரை நடுத்தரம், 3-க்கு மேல் அதிகம் என்று 2003-இல் அமெரிக்க அமைப்புகள் வகுத்த எல்லையையே நம் ஆய்வகங்களும் அறிக்கையில் அச்சிடுகின்றன. ஆனால் அந்த எல்லை, நோய்த்தொற்று ஏதும் இல்லாத நிலையில் எடுத்த அளவுக்கே பொருந்தும். காய்ச்சல் விட்டுப் பத்து நாளில் எடுத்த அளவில் அந்தக் காய்ச்சலின் எச்சம் இருக்கலாம். முழு நலத்தோடு இருக்கும்போது, இரண்டு வார இடைவெளியில் இருமுறை பார்த்துச் சராசரி எடுப்பதே முறை. அதுவும், அந்த முடிவால் சிகிச்சையில் ஏதேனும் மாறப்போகிறது என்று உங்கள் மருத்துவர் கருதினால் மட்டும்.

நாடி அலை வேகத்தையும் இப்படியே நிதானமாகப் படிக்க வேண்டும். இதயத் துடிப்பால் எழும் அழுத்த அலை விறைத்த குழாயில் வேகமாக ஓடும் என்பதுதான் அச்சோதனையின் அடிப்படை. கழுத்துக்கும் தொடை மடிப்புக்கும் இடையே பெருந்தமனியை ஒட்டி அளக்கும் முறையில் விநாடிக்கு 10 மீட்டர் எல்லை. அந்த வேகம் 1 மீட்டர் கூடும்போது இதய, இரத்தக்குழாய் நிகழ்வுகளின் அபாயம் ஏறக்குறைய 14 சதவீதம் கூடுகிறது என்று 2010-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டார்கள். உங்களுக்குச் செய்ததோ கையிலிருந்து கணுக்கால்வரை அளக்கும் முறை. அதில் கால் தமனிகளும் சேர்வதால் எண் இயல்பாகவே பெரிதாக வரும், ஜப்பானிய வழிகாட்டல் அதற்கு 18-ஐ எல்லையாகக் கொள்கிறது. நீங்கள் அந்த எல்லையைச் சற்றே தாண்டியிருக்கிறீர்கள். இன்னொன்று: அளக்கும் நேரத்தில் அழுத்தம் உயர்ந்திருந்தால், சுவர் இழுபட்டு நிற்பதால் வேகம் கூடுதலாகவே காட்டும். 162-இல் எடுத்த 18.4, அழுத்தம் 135-க்கு வந்தபின் எடுத்தால் சுவரில் எந்த மாற்றமும் இல்லாமலே குறையும். ஆண்டுக்கு ஒருமுறை இச்சோதனையைத் திரும்பச் செய்து எண்ணை ஒப்பிட்டு வருந்துவதில் எனக்கு உடன்பாடில்லை.

இரண்டாவது மாத்திரையைப் பற்றிய உங்கள் தயக்கத்தை நான் மதிக்கிறேன். ஏனெனில் அது பொருளற்ற அச்சமன்று. இதயத் தசைக்கு இரத்தம் பெரும்பாலும் இதயம் ஓய்ந்திருக்கும் நேரத்தில்தான் போகிறது. அதைச் செலுத்துவது கீழ் அழுத்தம். ஆகவே இதயத் தமனியில் அடைப்புள்ளவர்களுக்குக் கீழ் அழுத்தம் 60-க்குக் கீழே இறங்கும்போது நாங்களும் கவனமாகவே இருக்கிறோம். ஆனால் உங்களைப் போன்றவர்களுக்கு மருந்து கொடுத்தால் என்ன ஆகிறது என்பது ஊகத்துக்கு விடப்பட்ட கேள்வியன்று. மேல் அழுத்தம் 160-க்கு மேலும் கீழ் அழுத்தம் 90-க்குக் கீழும் இருந்த, 60 வயது கடந்த 4,736 பேரிடம் குளோர்த்தாலிடோன் என்னும் எளிய மாத்திரையை முதன்மையாக வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு 1991-இல் வெளிவந்தது; மருந்து எடுத்தவர்களிடம் பக்கவாதம் 36 சதவீதம் குறைந்தது. ஐரோப்பாவில் வேறொரு வகை மாத்திரையோடு நடந்து 1997-இல் வெளிவந்த ஆய்வில் 42 சதவீதம் குறைந்தது. மேலும், விறைத்த தமனி உள்ளவர்களிடம் மருந்து மேல் அழுத்தத்தைக் குறைக்கும் அளவுக்குக் கீழ் அழுத்தத்தைக் குறைப்பதில்லை. உங்கள் மருத்துவர் சொல்வது சரி. குறைந்த அளவில் தொடங்கி, வாரக்கணக்கில் மெல்லக் கூட்டி, முதலில் 140-க்குக் கீழே கொண்டுவந்து, தலைசுற்றல் இல்லையென்றால் 130-ஐ நோக்கிப் போகலாம். நீர் பிரியச் செய்யும் மாத்திரையானால், தொடங்கிய சில வாரங்களில் சோடியம் பார்ப்பது கட்டாயம். முதியவர்களுக்கு அது சத்தமில்லாமல் இறங்கிக் குழப்பத்தையும் தள்ளாட்டத்தையும் உண்டாக்கும்.

ஆனால் மாத்திரை சேர்க்கும் முன், வலி மாத்திரையை நிறுத்திய இரண்டு வாரம் கழித்து, வீட்டில் ஒரு வாரம் அழுத்தம் பார்த்து எழுதி எடுத்துச் செல்லலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். காலையில் மாத்திரைக்கு முன்பும் இரவு படுக்கும் முன்பும் பாருங்கள். அரை மணி நேரத்துக்குள் காபியோ புகையிலையோ கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்திருக்க நாற்காலியில் உட்கார்ந்து, இரு பாதங்களும் தரையில் படிய, கை மேசைமேல் நெஞ்சளவு உயரத்தில் இருக்க, பேசாமல் ஐந்து நிமிடம் இருந்தபின், சட்டைக் கைமேல் கட்டாமல் வெறும் தோலில் பட்டையைக் கட்டி, ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை பார்த்து இரண்டையும் எழுதுங்கள். ஒரு நாளாவது, உட்கார்ந்து பார்த்தபின் எழுந்து நின்று ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் பாருங்கள். நிற்கும்போது மேல் அழுத்தம் 20 அல்லது அதற்கு மேல் விழுந்தால் அதைத் தனியே குறித்துக் காட்டுங்கள். மருந்தின் அளவை அது மாற்றும். வீட்டு அளவில் 135/85-க்கு மேல் இருந்தாலே உயர்வு.

ஆஸ்பிரின் வேண்டாம். 70 வயது கடந்த, இதய நோய் இல்லாத 19,000-க்கும் மேற்பட்ட முதியவர்களிடம் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் தினம் 100 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்து 2018-இல் வெளியிட்டார்கள்: மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை, இரத்தக்கசிவு கூடியது. அசெக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் மூட்டின் அழற்சியைத் தணித்தாலும் மாரடைப்பின் அபாயத்தைக் கூட்டுகின்றனவே தவிரக் குறைப்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். அழற்சியின் எந்தக் கண்ணியைத் தடுக்கிறோம் என்பது அவ்வளவு முக்கியம். இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற தூதுப் பொருளை மட்டும் தடுக்கும் கனாகினுமாப் என்னும் ஊசி மருந்தை, மாரடைப்பு வந்து அழற்சியும் நீடித்த பத்தாயிரம் பேரிடம் சோதித்து 2017-இல் வெளிவந்த ஆய்வில், கொழுப்பின் அளவு மாறாமலே மீண்டும் மாரடைப்பு, பக்கவாதம் வருவது 15 சதவீதம் குறைந்தது. ஆனால் அதே மருந்தால் உயிர்கொல்லும் நோய்த்தொற்றும் கூடியது. மறு ஆண்டு, வேறொரு கண்ணியைத் தொடும் மெத்தோட்ரெக்சேட்டைச் சோதித்தபோது பயனே இல்லை. உங்களைப் போல இதய நோய் வெளிப்படாத ஒருவருக்குத் தமனி விறைப்பைத் தணிக்கவென்று நான் எழுதிக்கொடுக்கக்கூடிய அழற்சித் தடுப்பு மருந்து இன்று இல்லை.

மஞ்சளைப் பொறுத்தவரை, குழம்பிலும் பாலிலும் எப்போதும்போல் சேர்த்துக்கொள்ளுங்கள். குர்குமின் மாத்திரை வேறு. உறிஞ்சப்படுவதற்காக மிளகுச் சத்து சேர்த்துச் செறிவூட்டிய அம்மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் இத்தாலியிலும் அமெரிக்காவிலும் பதிவாகியிருக்கிறார்கள்; மிளகுச் சத்து பிற மருந்துகளின் அளவையும் இரத்தத்தில் மாற்றும். தமனிக்கு நிச்சயமான பயன் நிறுவப்படாத ஒன்றுக்காக அந்த அபாயம் தேவையில்லை. ஸ்டாட்டின் மாத்திரை பற்றி மருத்துவரோடு பேசுங்கள்; அது கொழுப்பையும் அழற்சியையும் ஒருசேரக் குறைக்கிறது. கெட்ட கொழுப்பு 130-க்குக் கீழும் சி.ஆர்.பி. 2-க்கு மேலும் இருந்தவர்களிடமே அது மாரடைப்பையும் பக்கவாதத்தையும் குறைத்ததை 2008-இல் வெளிவந்த பெரிய ஆய்வு காட்டியது.

இப்போது உங்கள் உடலில் அழற்சி எங்கே இருக்கிறது என்று தேடுவோம். உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. பல் துலக்கும்போது இரத்தம் கசியும் ஈறு நோயுற்ற ஈறு. பல்லுக்கும் ஈறுக்கும் இடையிலுள்ள பைகளில் குடியிருக்கும் நுண்ணுயிரிகள் ஒவ்வொரு முறை மெல்லும்போதும் இரத்தத்தில் கலக்கின்றன; உடல் அவற்றோடு ஓயாமல் போராடுகிறது. கடுமையான ஈறு நோயுள்ள 120 பேருக்கு ஆழ்ந்த சுத்திகரிப்புச் சிகிச்சை அளித்து 2007-இல் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சைக்கு மறுநாள் அழற்சி கூடி, தமனியின் உட்படலச் செயல்பாடு மோசமானது. ஆறு மாதத்தில் அது முன்பிருந்ததைவிடத் தெளிவாக மேம்பட்டது. பல் மருத்துவரை இம்மாதமே பாருங்கள், முதல் சில நாள் வலியைக் கண்டு பாதியில் விட்டுவிடாதீர்கள். அதோடு புகையிலையை விட்டே ஆக வேண்டும். காவிரிக் கரையில் வெற்றிலையை விடச் சொல்வது எத்தனை கடினம் என்பது எனக்குத் தெரியும்; வெற்றிலையை அல்ல, அதோடு போகும் புகையிலையை முதலில் கேட்கிறேன். வாயில் அடக்கிய புகையிலையின் நிகோட்டின் தமனியைச் சுருக்கி அழுத்தத்தை உயர்த்துகிறது, ஈறைத் தின்கிறது, வாய்ப் புற்றுநோய்க்கும் வழி திறக்கிறது. பல் மருத்துவர் பார்க்கும்போது கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளைத் திட்டு ஏதும் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

இடுப்புச் சுற்றளவை நீங்கள் எழுதவில்லை. தொப்புள் உயரத்தில் நூல் நாடாவைச் சுற்றிப் பாருங்கள். நம் நாட்டு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 எல்லை. குடலைச் சுற்றிப் படியும் கொழுப்பு இன்டர்லூக்கின்-6-ஐச் சுரந்து நேரே கல்லீரலுக்கு அனுப்புகிறது, பலரிடம் சி.ஆர்.பி. உயர்வுக்கு இதுவே காரணம். நடைப்பயிற்சி இங்கே இருவகையில் உதவும். உட்கார்ந்தே வாழ்ந்த நடுவயது, முதிய ஆண்கள் மூன்று மாதம் பெரும்பாலும் நடந்தே பயிற்சி செய்தபோது, எடை குறையாமலே கழுத்துத் தமனியின் விரிந்து கொடுக்கும் தன்மை மேம்பட்டதை 2000-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். எலாஸ்டின் திரும்ப வளர்ந்ததால் அன்று. தசையின் இறுக்கம் தளர்ந்ததால். நீங்கள் கேட்ட ‘தமனி இளகுமா’ என்பதற்கு விடை இதுதான்: அறுந்த ஏடுகள் திரும்பா, இறுகிய பகுதி இளகும், இனி அறுபடவிருப்பதை மெதுவாக்கலாம். முழங்கால் ஒத்துழைக்காத நாளில் சைக்கிள் மிதிப்பது அல்லது நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்குவது போதும். உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், ஒரு தேக்கரண்டி. அது ஊறுகாய், அப்பளம், வற்றல், கருவாடு, மோர் மிளகாய் எல்லாவற்றையும் சேர்த்த கணக்கு. வயதானவர்களின் மேல் அழுத்தம் உப்புக்கு மிகவும் கட்டுப்பட்டது. குறைத்த சில வாரங்களிலேயே வேறுபாடு தெரியும்.

உங்கள் மனைவிக்கு நாடி அலை வேகச் சோதனை தேவையில்லை. மாதவிடாய் நின்றபின் பெண்களின் தமனி வேகமாக விறைக்கிறது என்பதால், இரு கைகளிலும் அழுத்தம் பார்ப்பது, சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகம், இடுப்புச் சுற்றளவு ஆகியவற்றை ஆண்டுக்கு ஒருமுறை பார்ப்பது போதும். இரு கைகளுக்கும் மேல் அழுத்தத்தில் 15-க்கு மேல் வேறுபாடு இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். சி.ஆர்.பி.யும் வேண்டாம். ஆனால் ஒன்றை மட்டும் அவரிடம் கேளுங்கள்: காலையில் எழும்போது இரு கை விரல் கணுக்களும் மணிக்கட்டும் இறுகி, மடக்க முடியாமல், அது சரியாவதற்கு அரை மணிக்கு மேல் ஆகிறதா என்று. அப்படியானால் அது வயதால் வரும் தேய்மானமாக இல்லாமல் முடக்குவாதமாக இருக்கலாம். அது ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகிறது, மூட்டோடு தமனியையும் சேர்த்தே பாதிக்கிறது, காலத்தில் கண்டறிந்தால் நல்ல மருந்துகள் உண்டு. மூட்டு வாத மருத்துவரிடம் தாமதமின்றி அழைத்துச் செல்லுங்கள்.